கவாத்துக் குச்சிகளை எரிக்காதீர்கள்: பொது ரோஜாத் தோட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது ரோஜாத் தோட்டங்களையும் தாவரவியல் பூங்காக்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பொதுத் தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன். பாத்தி பாத்தியாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டிய கிளைகள் நடைபாதை ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் டீ ரோஜா என்ற பழைய வகுப்பைச் சேர்ந்த ஒரு செடியின் கிளைகளும் இருந்தன. அந்தச் செடியை எனக்கு நன்றாகத் தெரியும். வெளி இதழ்கள் மங்கிய இளஞ்சிவப்பாகவும், உள்ளே போகப் போக வெண்ணெய் நிறமாகவும் இருக்கும். காம்பு மெலிந்தது என்பதால் பூ எப்போதும் தலை கவிழ்ந்தே நிற்கும். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு விரலால் பூவின் அடியைத் தூக்கித்தான் முகத்தைப் பார்க்க வேண்டும். பலகையில் "டீ ரோஜா, பெயர் தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தது.

பென்சில் நீளத்துக்கு ஒரு குச்சி கேட்டேன். வெளியாட்களுக்குக் கொடுக்க அனுமதி இல்லை என்றார்கள். அதைச் சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. சாயங்காலம் நான் கிளம்பும் நேரத்தில் அந்தக் குவியலுக்குத் தீ வைத்தார்கள். பச்சைக் குச்சி என்பதால் எரியாமல் வெகுநேரம் புகைந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்தப் பாத்தியில் புது ரகங்கள் இருந்தன. பழைய செடி பூப்பது குறைந்துவிட்டது, பெயரும் இல்லாத செடி, அதனால் எடுத்துவிட்டோம் என்றார்கள். வேறு எங்கேயாவது அந்தச் செடி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. என்னிடம் ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் பூ பாதி நிழலில் இருக்கிறது.

இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் பழைய ரோஜாக்களின் கவாத்துக் குச்சிகளை எரிக்காமல், வீட்டில் வளர்க்கத் தயாராக இருக்கும் எங்களிடம் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் பலதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் திறந்த மடல் என்பதால் மற்றவர்களும் படிப்பார்கள்.

பழைய ரோஜா என்று எதைச் சொல்கிறோம்? அமெரிக்க ரோஜா சங்கம் 1867-ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. பிரான்ஸில் கியோ என்பவர் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை வெளியிட்ட வருடம் அது. டீ ரோஜாக்களைக் கலந்து உருவான நவீன வகுப்பான ஹைப்ரிட் டீயில் முதலாவது என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அந்த ரோஜாதான். அதற்கு முன்பே இருந்த வகுப்புகளைச் சேர்ந்தவை எல்லாம் பழைய தோட்ட ரோஜாக்கள்: கேலிகா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா, தண்டிலும் புல்லியிலும் பாசி படர்ந்ததுபோல் இருக்கும் மாஸ், அப்புறம் சைனா, டீ, நுவசெட், பூர்போன். இந்தக் கோடு ஒரு வசதிக்காகப் போட்டதுதான். 1880-ல் வந்த ஒரு டீ ரோஜாவும் அதே வகுப்பில் இருப்பதால் பழைய ரோஜாவாகவே எண்ணப்படுகிறது.

வருடத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ரோஜாவின் ஒரு ரகம் விதையால் தொடராது. பழத்தை உடைத்து விதை போட்டால் முளைக்கும், செடியும் வரும். ஆனால் அது வேறொரு ரோஜா, தாயைப் போல இருக்காது. ஒரு ரகத்தை அதே ரகமாக வைத்திருக்க வேண்டுமென்றால் குச்சி நட வேண்டும், பதியன் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக் கட்ட வேண்டும். அப்படியென்றால் 1832-ல் பாரிஸில் உருவான 'மதாம் ஹார்டி' இன்று யாருடைய தொட்டியில் இருந்தாலும், அது அந்த முதல் செடியின் உடம்பேதான். வெள்ளைப் பூ, நடுவில் பச்சைக் குமிழ். ஒருவர் வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் வெட்டி அடுத்தவருக்குக் கொடுத்து, நடுவில் எங்கேயும் அறுந்துபோகாமல் வந்ததால்தான் அது இருக்கிறது. அதை உருவாக்கிய ஹார்டி உங்களைப் போன்றவர்தான், பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டவர். மனைவியின் பெயரை அதற்கு வைத்தார்.

நெல்லையும் கம்பையும்போல விதையைக் குளிர் அறையில் வைத்து ஒரு ரோஜா ரகத்தைக் காப்பாற்ற முடியாது. திசு வளர்ப்பு இருக்கிறது, தளிர் நுனியைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் முறையும் இருக்கிறது. அதற்கெல்லாம் ஆய்வகம் வேண்டும், பணம் வேண்டும், ஆள் வேண்டும். எத்தனை ரகங்களுக்கு அதைச் செய்வார்கள்? பெயரே தெரியாத ஒரு டீ ரோஜாவுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு மண்தொட்டியும் காலையில் ஒரு குவளைத் தண்ணீரும் போதும் என்கிற வேலையை எங்கள் வீடுகளில் நாங்கள் செய்ய முடியும்.

பெரிய தோட்டங்களின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஸாங்கர்ஹாவுஸன் ரோஜாத் தோட்டம் 1903-ல் திறக்கப்பட்டது. 8,000-க்கும் மேற்பட்ட ரகங்களும் இனங்களும் அங்கே இருக்கின்றன. வேறு எங்கும் கிடைக்காமல் போன பல ரகங்கள் அங்கிருந்துதான் திரும்பி வந்தன. இங்கிலாந்தின் மாட்டிஸ்ஃபாண்ட் தோட்டத்தில் பழைய ரோஜா நிபுணரான கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் 1970-களில் தன் பழைய ரோஜாத் தொகுப்பைக் கொண்டுபோய் நட்டிராவிட்டால் பலருக்கு இந்த ரோஜாக்களின் முகமே தெரிந்திருக்காது. ஆனால் ஒரே இடத்தில் சேர்த்து வைத்த தொகுப்புகள் கலைந்துபோன கதையும் நமக்குத் தெரியும். பாரிஸுக்கு அருகே மல்மேசான் மாளிகையில் நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபின் தன் காலத்தில் கிடைத்த ரோஜாக்களை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். 1814-ல் அவர் இறந்தார். அதன் பிறகு அந்தத் தொகுப்பு நிலைக்கவில்லை. அந்தக் காலத்து ரோஜாக்களில் பலவற்றை இன்று ரெடூட்டேயின் ஓவியங்களில் மட்டும்தான் பார்க்க முடிகிறது.

இன்னும் நெருக்கமான உதாரணம் சைனா ரோஜாக்கள். 1790-களிலிருந்து 1824 வரைக்குள் சீனத் தோட்டங்களிலிருந்து நான்கு ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் மேற்கத்திய ரோஜாக்களுக்குள் பரவியது பெரும்பாலும் இவற்றால்தான். இன்று கடையில் நாம் பார்க்கும் ஏறக்குறைய எல்லா ரோஜாவின் உடம்பிலும் இவற்றின் ரத்தம் ஓடுகிறது. அவற்றில் இளஞ்சிவப்பான 'ஓல்ட் பிளஷ்' உலகம் முழுக்க வீடுகளில் பரவியது, அதனால் இன்றும் சௌக்கியமாக இருக்கிறது. 1809-ல் போன ஹ்யூமின் டீ ரோஜாவும், 1824-ல் போன பார்க்ஸின் மஞ்சள் டீ ரோஜாவும் அப்படியில்லை. இன்று அந்தப் பெயர்களில் விற்கப்படும் செடிகள் அன்றைய செடிகள்தானா என்பதில் ரோஜா தெரிந்தவர்களே ஒத்துப்போவதில்லை. இத்தனை ரோஜாக்களுக்கு முன்னோரான செடிகளுக்கே இந்தக் கதி.

தொலைந்தவை கிடைத்ததும் உண்டு. எங்கே கிடைத்தன என்று பாருங்கள். மஸ்க் ரோஜா என்று பழைய மூலிகை நூல்களில் ஒன்று வருகிறது. கோடை முடியும் நேரத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை பூக்கும், வாசனை காற்றில் வெகுதூரம் போகும் என்று எழுதியிருப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பெயரோடு தோட்டங்களில் இருந்தது வேறு செடி, கோடையில் ஒரே ஒரு முறை பூத்து முடியும் பெரிய கொடி. கிரஹாம் தாமஸ் அசல் செடியைத் தேடிக்கொண்டே இருந்தார். 1963-ல் இங்கிலாந்தின் மிடில்டன் ஹவுஸ் என்ற வீட்டின் சுவரோரத்தில் அதைக் கண்டுபிடித்தார். தாவரப் பித்துக்கொண்ட ஈ. ஏ. போல்ஸ் வாழ்ந்த வீடு அது. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. போல்ஸுக்கு அந்தச் செடியின் குச்சியைக் கொடுத்தவர் எல்லகோம்ப் என்ற பாதிரியார், அவரும் வீட்டில் தோட்டம் வைத்திருந்தவர். கொடுத்தவரும் போய், வாங்கி நட்டவரும் போன பிறகு, செடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. பின்னாளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் அது கிடைத்தது.

கல்லறைகள் என்றதும் டெக்சஸ் நினைவுக்கு வருகிறது. 1980-களில் அங்கே சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு கைவிடப்பட்ட வீடுகளையும் பழைய கல்லறைகளையும் சுற்றினார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், மருந்து அடிக்க ஆளில்லாமல் பல பத்தாண்டுகள் தாங்கிய ரோஜாக்களிலிருந்து குச்சி எடுத்தார்கள். வீட்டில் வேர்விடவைத்து ஒருவருக்கொருவர் பகிர்ந்தார்கள். பெர்முடாத் தீவின் ரோஜா சங்கம் 1954-லிருந்து இயங்குகிறது. பெயர் தொலைந்த பழைய ரோஜாக்களை அவர்கள் மர்ம ரோஜாக்கள் என்று சொல்கிறார்கள். கண்டெடுத்த இடத்தின் பெயரையோ வீட்டுக்காரரின் பெயரையோ தற்காலிகமாக வைத்து வளர்க்கிறார்கள். அவற்றில் "ஸ்மித்ஸ் பாரிஷ்" என்று ஒன்று, பெரும்பாலும் வெள்ளையாகப் பூக்கும், சில பூவில் சிவப்புக் கோடு விழும், எப்போதாவது ஒரு பூ முழுக்கச் சிவப்பாகவே வரும். பெயர் தெரியாததை ஒரு குறையாக எண்ணி அவர்கள் பிடுங்கிப் போடவில்லை.

சரி, இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

என் மாடியில் பதினான்கு பழைய ரோஜாக்கள் இருக்கின்றன. எல்லாமே குச்சியிலிருந்தோ பதியனிலிருந்தோ வந்தவை, சொந்த வேரில் நிற்பவை. குச்சி எடுக்கப் பூத்து முடிந்த கிளைதான் சரி. கிளை முற்றியிருக்கிறதா என்று பார்க்க ஒரு முள்ளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பேன். டக்கென்று சுத்தமாக உடைந்து வந்தால் பதம். நாரோடு கிழிந்தால் இன்னும் இளசு. நான்கு கணு இருக்கும்படி வெட்டி, அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகச் சீவுவேன். மேலே ஒரு இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவேன். ஆற்று மணலும் நார்க்கழிவும் பாதிக்குப் பாதி. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்துவிட்டால் அதற்குள் ஈரம் நிற்கும். நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். அப்புறம் செய்ய வேண்டிய கடினமான வேலை தொடாமல் இருப்பது. வேர் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்தே பல குச்சிகளை ஆரம்பத்தில் கெடுத்திருக்கிறேன். வேர் வெள்ளையாக, நூலைவிட மெலிதாக வரும், ஒரு இழுப்பில் அறுந்துவிடும். இப்போது தொட்டியின் அடித் துளையைத்தான் பார்க்கிறேன். அங்கே வெள்ளை நுனி எட்டிப் பார்த்தால் இடம் மாற்றலாம். ஐந்தாறு வாரம் ஆகும்.

எல்லாமும் இப்படி வராது. சைனா, டீ, நுவசெட், பூர்போன் எல்லாம் குச்சியில் எளிதாக வேர்விடும். கேலிகாவும் ஆல்பாவும் குச்சியில் என்னை நிறைய ஏமாற்றின. கேலிகா சொந்த வேரில் இருந்தால் மண்ணுக்கடியில் தானே பக்கக்கன்று விடும், அதை வேரோடு பெயர்த்தால் போதும். ஆல்பாவுக்குப் பதியன். ஒரு கிளையை வளைத்து, வளைவில் பட்டையைச் சற்றுச் சீவி, மண்ணில் அழுத்திக் கல் வைத்துவிட்டு அடுத்த வருடம் வரை மறந்துவிட வேண்டும்.

பெயரை நான் இரண்டு இடத்தில் எழுதுகிறேன். குளிர்பான டப்பாவை வெட்டி எடுத்த அலுமினியப் பட்டையில் ஆணியால் கீறி எழுதினால் மழைக்கும் வெயிலுக்கும் அழியாது. அது போதாது, பட்டை தொலைந்துபோகும், குழந்தைகள் எடுத்து விளையாடுவார்கள். அதனால் நோட்டிலும் ஒரு வரைபடம். எந்தத் தொட்டி எங்கே, யார் கொடுத்தது, எந்தத் தேதி. ஒரு ரோஜா பெயரை இழப்பது இப்படித்தான் தொடங்குகிறது: ஒரு பட்டை விழுகிறது, அதை வைத்தவர் ஊரில் இல்லை.

இந்தப் பதினான்கில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிடுகிறேன். 'சுவெனீர் த லா மல்மேசான்', பெலூஸ் என்பவர் 1843-ல் வெளியிட்ட பூர்போன் ரோஜா. வறண்ட காலத்தில் இதன் பூவைப் பார்க்க வேண்டும். வெளிறிய ரோஸ் நிறம், உள்ளங்கை அகலம், முழுதாக மலர்ந்த பிறகு நடுவில் இதழ்கள் நான்கு பங்காகப் பிரிந்து மடிந்திருக்கும். மழை வந்தால் இதே ரோஜா படுத்தும் பாடு வேறு. வெளி இதழ்கள் நனைந்த காகிதம்போல ஒட்டிக்கொள்ளும், மொட்டு திறக்காமல் பழுப்பாகி அப்படியே அழுகும். மொட்டின் மேல் ஒட்டிய அந்த ஒரு சுற்று இதழை மட்டும் நகத்தால் மெதுவாக உரித்துவிட்டால் சில பூக்கள் தப்பித்து மலரும். மழைக்காலத்தில் காலை வேளைகளில் அதைச் செய்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் தொட்டியின் அடித் துளை அடைத்துக்கொண்டது. நான் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது தண்டு அடியிலிருந்து கறுத்துப்போயிருந்தது. மேலே பச்சையாக இருந்த குச்சிகளை வெட்டி நட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு அதே செடியின் கன்று ஒன்றை என் சின்னம்மாவுக்குக் கொடுத்திருந்தேன். வெட்கத்தோடுதான் போன் செய்தேன். "நீ கொடுத்ததுதானே கண்ணு, வந்து எவ்வளவு வேணுமோ வெட்டிக்கோ" என்றார். ஐந்து குச்சி எடுத்தேன், மூன்று வேர்விட்டது. என் மாடியில் இன்று இருப்பது செத்துப்போன அதே செடிதான். சின்னம்மாவுக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் நான் எத்தனை கவனமாக வளர்த்திருந்தாலும் அது போயிருக்கும்.

நீங்கள் கொடுக்காமல் விட்ட அந்த டீ ரோஜாவுக்கு ஒரு சின்னம்மா வீடு இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

உங்கள் தோட்டங்களில் இந்தச் செடிகள் எப்படிக் குறைகின்றன என்று கவனித்து வருகிறேன். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலும் கவாத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஹைப்ரிட் டீ செடிகளை முழங்காலுக்குக் கீழே வெட்டுகிற அதே கையால், அதே நாளில், பழைய ரோஜாக்களையும் வெட்டிவிடுகிறார்கள். கேலிகா, ஆல்பா, மாஸ் போன்றவை வருடத்துக்கு ஒரே முறை, முந்தைய வருடம் வளர்ந்த கிளையில் பூப்பவை. பருவத்துக்கு முன்னால் வெட்டினால் அந்த வருடத்துப் பூ முழுவதும் குப்பைக்குப் போய்விடும். இவற்றைப் பூத்து முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். டீ ரோஜா இன்னும் மென்மையானது. அது தன் பலத்தைப் பழைய தடித்த கிளைகளில் வைத்திருக்கிறது, வருடா வருடம் ஒட்ட வெட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும். காய்ந்ததை எடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் தாராளம். இது தெரியாமல் இரண்டு மூன்று வருடம் வெட்டிவிட்டு, "இது பூக்கிறதே இல்லை" என்று பிடுங்கிவிடுகிறார்கள். அந்தப் பெயரில்லாத ரோஜாவுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் பார்த்த குவியலில் அதன் கட்டைவிரல் தடிமன் கிளைகள் கிடந்தன.

இன்னொன்று ஒட்டுச் செடிகளின் பிரச்சினை. மேலே ஒட்டிய பழைய ரகம் நலிந்து சாகும்போது கீழே இருக்கும் வேர்ச்செடி தளிர்விட்டு மேலே வந்துவிடுகிறது. பூ நிறம் மாறிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். 'டாக்டர் ஹியூயி' என்ற அடர்சிவப்பு ரோஜா பல நாடுகளில் வேர்ச்செடியாகப் பயன்படுகிறது. ஒரு வெளிர் மஞ்சள் டீ ரோஜாவின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அது செழிப்பாகச் சிவந்து பூத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பலகை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறது, ரோஜா இல்லை. சொந்த வேரில் நிற்கும் செடிக்கு இந்த ஆபத்து கிடையாது. ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் தேவாலயத்தின் சுவரில் ஏறியிருக்கும் காட்டு ரோஜாவை எல்லோரும் சொல்வார்கள். 1945 மார்ச் குண்டுவீச்சில் தேவாலயம் இடிந்து எரிந்தது, ரோஜாவும் எரிந்தது. இடிபாட்டுக்கு அடியில் வேர் உயிரோடு இருந்தது. சில வாரங்களில் அதிலிருந்து தளிர் வந்தது, இன்றும் அது இருக்கிறது. மேலே எரிந்தது எதுவோ அதுவே கீழிருந்து வந்தது, ஏனென்றால் வேரும் அதனுடையதுதான். ஒட்டுக் கட்டிய ரோஜாவாக இருந்திருந்தால் வேறு எதுவோ முளைத்திருக்கும். வீட்டில் குச்சி நட்டு வளர்க்கும் எங்களிடம் இருப்பவை எல்லாம் சொந்த வேர்ச் செடிகள் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொடுப்பதில் உங்களுக்கு இருக்கும் தயக்கங்களையும் யோசித்துப் பார்த்தேன். சட்டச் சிக்கல் வருமோ என்ற பயம் பழைய ரோஜாக்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் தாவரங்களுக்குக் காப்புரிமை கொடுக்கத் தொடங்கி, முதல் காப்புரிமையே ஒரு ரோஜாவுக்குத்தான் போனது. 1931-ல், 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்கு. அதுவே எப்போதோ காலாவதியாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரோஜாவின் எந்தக் குச்சியை நட்டாலும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

நோய் பற்றிய கவலை நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மொசைக் வைரஸ் ஒட்டுக் கட்டும்போது பரவும், நோயுள்ள செடியின் குச்சியிலும் அது கூடவே வரும். இலையில் மஞ்சள் கோடுகள் அலை அலையாக ஓடும் செடியிலிருந்து கொடுக்காதீர்கள். வேரடியில் கழலைபோல முடிச்சு வைத்த செடியும் வேண்டாம். வட அமெரிக்காவில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணி மூலம் பரவும் ரோசெட் நோய் இருக்கும் இடங்களில், சந்தேகம் உள்ள செடியை வேரோடு எடுத்து அழிப்பதே சரி, அங்கே எரிப்பதற்கு நான் எதிரி இல்லை. நாடு விட்டு நாடு அனுப்புவது தனி விஷயம், அதற்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். நான் கேட்பது உங்கள் தோட்டத்து வாசலில், கண்ணெதிரே, நல்ல செடியிலிருந்து வெட்டிக் கொடுப்பதை.

திருட்டு நடக்கும் என்பார்கள். இப்போதும் நடக்கிறது. இரவில் கிளையை முறித்துப் பட்டை கிழிந்த செடிகளை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். வருடத்தில் ஒரு நாள் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

செய்யச் சொல்வது பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. கவாத்துத் தேதியை ஒரு வாரம் முன்பே வாசலில் எழுதிப் போடுங்கள். பழைய ரோஜாக்களின் குச்சிகளைச் செடிவாரியாகக் கட்டி, கட்டோடு பெயரையும் கட்டுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாத்தி எண்ணும் வரிசை எண்ணும் போதும். ஆளுக்கு ஒரு ரகத்தில் மூன்று குச்சி. மூன்றில் ஒன்றாவது பிழைக்க வாய்ப்பு அதிகம். யார் எதை எடுத்துப் போனார்கள் என்று ஒரு பதிவேடு வையுங்கள், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நாளைக்கு உங்கள் செடி செத்தால், அந்தப் பதிவேட்டைத் திறந்து எங்களைக் கூப்பிடுங்கள். குச்சியோடு வருவோம். உங்களிடம் ஏற்கெனவே அழிந்து எங்களிடம் மட்டும் இருக்கும் ரகங்களும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இருபக்கமும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்தால் போதும்.

பெயரில்லாத செடிகளுக்குத் தற்காலிகப் பெயர் வையுங்கள். கண்டெடுத்த ரோஜாவின் தற்காலிகப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள்ளும், உறுதியான ரகப் பெயரை ஒற்றைக் குறிக்குள்ளும் எழுதும் வழக்கம் ரோஜா வளர்ப்பவர்களிடையே இருக்கிறது. இந்த மடலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எது நிச்சயம், எது ஊகம் என்று படிப்பவருக்கு உடனே தெரியும். ஊகத்தை நிச்சயம்போல எழுதி வைப்பதால் வரும் குழப்பத்தைத் தீர்க்க ஒரு தலைமுறை ஆகும். மஸ்க் ரோஜாவுக்கு அதுதான் நடந்தது. ஒரு செடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுப்பதற்கு ஒரு பருவம் முன்பே சொல்லுங்கள். பூக்கும்போது படம் எடுத்துக்கொள்வோம், பூத்து முடிந்ததும் குச்சி எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு அந்தக் குழியில் நீங்கள் எதை நட்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

என் நோட்டில் பதினைந்தாவது பக்கத்தை அந்த டீ ரோஜாவுக்கென்று விட்டிருக்கிறேன். இப்போதைக்கு அதில் அந்தப் புகைப்படம் மட்டும் ஒட்டியிருக்கிறது. கவிழ்ந்த பூ, வெளியே மங்கிய இளஞ்சிவப்பு, உள்ளே வெண்ணெய் நிறம், காம்பு ஊதா கலந்த சிவப்பு, முள் குறைவு, தளிர் இலை செம்பு நிறம். உங்களில் யாருடைய தோட்டத்திலாவது, பலகை இல்லாமல், ஏதாவது ஒரு மூலையில் இப்படி ஒன்று இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த கவாத்தன்று ஈரத்துணியும் அலுமினியப் பட்டைகளும் ஆணியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வாசலுக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
மாடியில் பழைய ரோஜா வளர்க்கும் ஒருத்தி